எலுமிச்சை விதையும் அடைகோழியும்

"எம் புருசனைத் தேடிக் குடுங்கம்மா. கிடைச்சதும் நானே அவரைக் கொன்னுருதேன்."

வந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"தேடுறது எங்க வேலை. மத்ததை வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றான் மாரிசெல்வம்.

பெனிட்டா நடத்துகிற துப்பறியும் நிலையம், சங்கரன்கோவில் ரத வீதியில் அவள் அண்ணனுடைய பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே எவர்சில்வர் குடங்கள் உருளுகிற சத்தத்தில்தான் மேலே ரகசியங்கள் பேசப்படும். வருவதில் பாதிக்கு மேல் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, துபாயில் சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, தலையில் இருப்பது சொந்த முடியா என்கிற ரகம். பெனிட்டா அலுத்துப் போயிருந்தாள். உண்மையான ஒரு வழக்கு வராதா என்று அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் ஜெபம் வேறு செய்துகொண்டிருந்தாள். மாரிசெல்வம் கடையின் ஆம்னி வேனை ஓட்டுபவன். துப்பறியும் உதவியாளன் என்கிற பட்டத்தை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான்.

"உக்காருங்கம்மா. யாரு நீங்க, யாரைக் காணோம்?" என்றாள் பெனிட்டா.

"எம் பேரு ஆறுமுகத்தாய். வீட்டுக்காரரு சண்முகையா. குளத்துக்குக் கீழ வயலு இருக்கு." அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் கோபம் தாக்குப்பிடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவருக்குப் பெருங்குடல்ல கட்டிம்மா. கேன்சருன்னுட்டாங்க. ஆனா ஆரம்பத்துலேயே பாத்தாச்சு, வெட்டி எடுத்துட்டா மனுசன் நல்லா இருப்பாருன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லுதாரு. நாளைக்குக் காலையில திருநவேலியில ஆபரேசன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அங்க போய்ச் சேரணும். பையைக் கட்டி வச்சுட்டுத் திரும்பிப் பாக்கேன், ஆளைக் காணலை."

"இன்னைக்குப் போகலேன்னா?"

"அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. மறுபடி எப்பம்னு யாருக்குத் தெரியும்? அது உள்ள வளந்துகிட்டேல்லா இருக்கும்!"

பெனிட்டா எழுந்துவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட முடியாத வழக்காக இருந்தது. "பிள்ளைங்க?"

"ஒரே மக, வேல்விழி. மதுரையில படிக்கா. பெரிய பரீட்சை வருது. அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. நீங்களும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்று பெனிட்டா வாக்குக் கொடுத்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. பெரிய துப்பறிகிறவர்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும்.

*

வீடு ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. ஆம்னிக்குள் இறக்காத குடங்கள் கிடந்ததால் ஒவ்வொரு பள்ளத்திலும் கோவில் மேளம் கேட்டது. ரகசியமாகப் போய் இறங்குவது என்பது இந்த நிலையத்தின் வழக்கத்தில் கிடையாது.

சமையலறையில் முதல் ஆச்சரியம் காத்திருந்தது. ஒரு பெரிய தாம்பாளம் நிறைய நறுக்கிய எலுமிச்சம்பழம். சாறு வழிந்து கிடந்தது, ஈ மொய்த்தது. பிழிந்த மாதிரியே தெரியவில்லை.

"இவ்வளவு பழத்தை நறுக்கிச் சர்பத்துப் போடாமப் போட்டுட்டுப் போயிருக்காரே, இதுக்கே அவரைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றான் மாரிசெல்வம்.

பெனிட்டா ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். "ஏலே, ஒண்ணுலயாவது விதை இருக்கா பாரு."

இல்லை. நாட்டு எலுமிச்சை, பழத்துக்குப் பழம் விதையாக இருக்க வேண்டியது. ஒவ்வொரு விதையையும் யாரோ பொறுமையாகத் தோண்டி எடுத்திருந்தார்கள். சாறும் தோலும் அந்த ஆளுக்குத் தேவைப்படவில்லை.

பக்கத்தில் சிறு உரல் ஒன்று இருந்தது. அடியில் வெளுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது.

"நக்கிப் பாக்காதே" என்று பெனிட்டா சொல்லி முடிப்பதற்குள் மாரிசெல்வம் நக்கியிருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த ஆறுமுகத்தாயே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்தினாள்.

"அக்கா... நாக்கு செத்துப்போச்சு. வேப்பங்கொட்டை எல்லாம் இதுக்கிட்ட அல்வா."

"எலுமிச்சை விதை அப்படித்தான்லே கசக்கும். இதை இடிச்சிருக்காரு." பெனிட்டா டிவிக்கு மேல் கிடந்த போனை எடுத்தாள். "போனை விட்டுட்டுப் போயிருக்காரு. யாரும் கூப்பிட்டுப் பிடிச்சுரக் கூடாதுன்னு."

"யார்கிட்டப் பேசியிருக்காரு?"

"கொஞ்ச நாளா மககிட்டதான் நேரங்காலம் இல்லாமப் பேசியிருக்காரு. வேற ஒண்ணும் இல்ல." போனைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பொன்செல்வி. இவ்வளவு நேரம் ஒட்டுக் கேட்டதில் கழுத்து வலித்திருக்க வேண்டும்.

"அத்தை, சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க. மாமாவை டாஸ்மாக் வாசல்ல பாத்ததா எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. துண்டால முகத்தை மூடிக்கிட்டு நின்னாராம்."

"வெத்தலைகூடப் போடாத மனுசன்மா!" ஆறுமுகத்தாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நோவு தெரிஞ்ச கவலையில குடிக்க ஆரம்பிச்சுட்டாரே!"

"கவலைப்படாதீங்க. முதல் தடவை போறவனுக்குத்தான் துண்டு வேணும். பழகினவன் கும்பிட்டுக்கிட்டே போவான்" என்று மாரிசெல்வம் தன் வழியில் ஆறுதல் சொன்னான்.

பெனிட்டா கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாட்டுத் தொழுவம், வைக்கோல், ஒரு ஓரத்தில் பழைய ஓலைக்கூடை. கூடைக்குள் ஒரு கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. பெனிட்டாவைப் பார்த்ததும் சிறகைச் சிலிர்த்து, வட்டிக்காரன் போலக் கத்தியது.

"மாரி, இந்தக் கோழியைப் பாரு. என்ன தெரியுது?"

"என்னையக் கொத்தப் போவுதுன்னு தெரியுது."

"முட்டை மேல உக்காந்த கோழி இவ்வளவு உசரமாவா உக்காரும்? ஒரு பக்கம் வேற சாஞ்சு உக்காந்திருக்கு. அடியில இருக்கது முட்டை கிடையாது."

சாக்கைப் போட்டுக் கோழியைத் தூக்கினார்கள். வைக்கோலுக்கு நடுவில் ஒரு பிராந்தி பாட்டில் படுத்திருந்தது. மூடி திறந்து மறுபடி இறுக்கியிருந்தது. பாட்டில் குறையவே இல்லை. உள்ளே இடித்த எலுமிச்சை விதை ஊறிக்கொண்டிருந்தது.

மாரிசெல்வத்துக்கு நாக்குக் கசப்பெல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா! கோழி குவார்ட்டரை அடை காக்குது! பொரிஞ்சா குஞ்சு தள்ளாடிக்கிட்டேல்லா வரும்!"

பெனிட்டா சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அவரு குடிக்கலை. மருந்து செய்திருக்காரு. நம்மூர் வைத்தியன் எவனாவது இப்படிச் சொல்லுவானாலே? தேன்ல குழைக்கச் சொல்லுவான், பால்ல போடச் சொல்லுவான், கசாயம் வைக்கச் சொல்லுவான். ஸ்பிரிட்டுல கரைக்கணும், உடம்புச் சூட்டுல வைக்கணும்கிறது ஆய்வுக்கூடத்துப் பேச்சு. உடம்புச் சூடு மாறாம வைக்கதுக்கு இவருகிட்ட மெஷின் கிடையாது. அடைகோழிதான் இருக்கு."

"மூளைக்காரருதான்."

"அவரு மூளைக்காரரு சரி. இதை அவருக்குச் சொல்லிக் குடுத்தவன் யாரு? எலுமிச்சை விதையில இருக்க ஒரு பொருளு குடல் கேன்சரை மட்டுப்படுத்துதுன்னு எங்கேயாவது ஆராய்ச்சி நடந்திருக்கும். அரைகுறையாப் படிச்ச எவனோ இவரு காதுல ஓதி, ஆபரேசன் வேண்டாம்னு ஆக்கி வச்சிருக்கான். எவனோ ஒரு போலி விஞ்ஞானி." பெனிட்டாவுக்கு மூக்கு நுனி சிவந்தது. "அவனைப் பிடிச்சேன், சட்டையைப் பிடிச்சு ரத வீதியைச் சுத்த வைப்பேன்."

ஆறுமுகத்தாய் தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். பாட்டிலைப் பார்க்கவில்லை. கூடை இருந்த ஓரத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்க? செவலைக் கோழி. அதுவும் அடைக்கு உக்காந்திருந்துச்சே. கூடையோட காணோம்!"

பெனிட்டாவும் மாரிசெல்வமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மருந்து செய்யதை நிறுத்த மனசில்லாம இன்னொரு பாட்டிலைக் கோழியோட தூக்கிட்டுப் போயிருக்காரு" என்றாள் பெனிட்டா. "மாரி, வண்டியை எடு. ஆம்பளை ஒருத்தன் ஊரை விட்டு ஓடினா கண்டுபிடிக்கது கஷ்டம். அடைகோழியோட ஓடினா ரொம்பச் சுலபம்."

*

பஸ் ஸ்டாண்டில் யாரிடம் விசாரிப்பது என்று மாரிசெல்வம் கேட்டான். பெனிட்டா பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலதுகை ஆள்காட்டி விரலில் பெரிய துணிக்கட்டு. டீ கிளாஸை இடதுகையால் பிடிக்கத் தெரியாமல் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, செவலைக் கோழிதானே கொத்துச்சு?" என்றாள் பெனிட்டா.

கண்டக்டர் டீயை மிச்சமும் சிந்தினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெரியவரு உங்க ஆளா? கூடையைக் கீழ வையும்வேன்னேன். குலுங்கக் கூடாது, மடியிலதான் வைப்பேன்னுட்டாரு. கோழிக்கு டிக்கெட் போடணுமேன்னு துணியை விலக்கினேன். விரல்ல போட்டுச்சு ஒரு போடு!"

"எங்க இறங்கினாரு?"

"புளியங்குடி மார்க்கெட்டு. இறங்கும்போது டிரைவர்கிட்ட நேராப் போயி, பள்ளத்துல எல்லாம் மெதுவா விட்டதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எங்க டிரைவரை இதுவரைக்கும் ஒருத்தரும் கும்பிட்டது கிடையாது. அவன் அப்பம் இருந்து ஒரு மாதிரியா இருக்கான்."

மாரிசெல்வம் வேனுக்கு ஓடினான். "புளியங்குடியில எங்கனக்கா தேடுறது? மார்க்கெட்டு முழுக்க எலுமிச்சையாக் கெடக்குமே."

"அவருக்கு எலுமிச்சை வேண்டாம், விதைதான் வேணும். பழத்தைப் பிளந்து விதையைத் தனியா எடுத்துத் தூரப் போடுற ஆளு யாரு?"

மாரிசெல்வம் கியரை மாற்றிக்கொண்டே யோசித்தான். சாப்பாட்டு விஷயம் என்றால் அவனுக்கு மூளை வேகமாக ஓடும். "ஊறுகாய் போடுறவங்க!"

*

புளியங்குடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஊறுகாய்க் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. எல்லா வாசலிலும் நறுக்கிப் போட்ட கழிவு, அதில் வெள்ளை வெள்ளையாக விதை. பெனிட்டா வேகமாக நடந்தாள். கடைசிக்கு முந்தின கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள்.

"இங்கனதான் இருக்காரு."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"காம்பு கெடக்கு, அழுகின பழம் கெடக்கு. விதை மட்டும் ஒண்ணுகூட இல்லை பாரு."

கொட்டகைக்காரி மகபூப் பீவி வாசலுக்கு வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதவை மறைத்து நின்றாள். கை முழுக்க உப்பும் மஞ்சளும்.

"அப்படி யாரும் இங்கன வரலையே" என்றாள், இவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே.

"நாங்க இன்னும் யாரையும் கேக்கலையே, அக்கா" என்றான் மாரிசெல்வம்.

பீவி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கோழி, ஊருக்கே கேட்கிற மாதிரி கொக்கரித்தது.

"யா அல்லா!" பீவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடத்தில் மஞ்சள் ஒட்டியது. "இந்தக் கோழி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காது. நானும் அந்த மனுசன்கிட்டக் கெஞ்சிப் பாத்துட்டேன்மா. எங்க மச்சானுக்கும் இதே நோவுதான். ஆபரேசன் முடிஞ்சு இப்பம் கடையநல்லூர்ல ஜம்முன்னு தறி ஓட்டுதாரு, நீரும் போவும்னு சொன்னேன். கேக்க மாட்டேங்காரு. அழுத மனுசனை எப்படி வெளியில பிடிச்சுத் தள்ள?"

பின்கட்டில் சாக்கு விரித்து அதன்மேல் சண்முகையா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். வேட்டி தளர்ந்திருந்தது. பக்கத்தில் கூடை, கூடையில் செவலை. முன்னால் குவியல் குவியலாக விதை. இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. கூடையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆறுமுகத்தாய் அனுப்பினாளா?"

"ஆமா, அண்ணாச்சி. வாங்க, போகணும். நேரம் ஆகுது" என்றாள் பெனிட்டா.

"நான் வரலை. என்கிட்ட மருந்து இருக்கு. வயித்தைக் கிழிச்சு எடுக்க வேண்டியது இல்ல."

பெனிட்டா வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த கோபம் வெளியே வந்தது. "எவன் உங்களுக்கு இதைச் சொன்னது? பேரைச் சொல்லுங்க. உங்க உசுரோட விளையாடுதான். அவனை நான் விட மாட்டேன். அவன் ஃபிராடு, அண்ணாச்சி!"

சண்முகையா எழுந்து நின்றார். அந்த மெலிந்த மனிதருக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "வார்த்தையை அளந்து பேசும்மா! அவளைப் பத்தி ஒரு சொல்லு சொன்னீங்கன்னா நல்லா இருக்காது."

"அவளா?"

சண்முகையா வாயை மூடிக்கொண்டார். பேரைக் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். கெஞ்சியதற்கும் ஆட்டினார். மாரிசெல்வம் ஆறுமுகத்தாய் அழுததை நடித்தே காட்டினான். அதற்கும் ஆட்டினார். பெனிட்டா கடைசியில் அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சரி. பேரைச் சொல்ல வேண்டாம். அவங்ககிட்டயே கேட்டுருவோம். பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு இந்த நோவு, நாளைக்கு ஆபரேசன், அதை நிறுத்திட்டு உங்க மருந்தைக் குடிக்கட்டுமான்னு நீங்களே கேளுங்க. குடிக்கலாம்னு அவங்க சொல்லிட்டா நான் என் வழியில போயிருதேன். கும்பிட்டுட்டே போறேன்."

சண்முகையாவின் முகம் மலர்ந்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கையை நீட்டினார். பெனிட்டா கைப்பையிலிருந்து அவருடைய போனையே எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு படத்தைத் தொட்டார்.

திரையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சிரித்தாள். பின்னால் ஆய்வுக்கூட மேஜை, கண்ணாடித் தட்டுகள்.

"அப்பா! என்னப்பா இந்நேரத்துல?"

பெனிட்டாவுக்குக் காது சூடாகிவிட்டது. வேல்விழி. போலி விஞ்ஞானியைத் தேடிப் பெனிட்டா இரண்டு ஊர் சுற்றியிருக்கிறாள். ஆள் இருக்கிற போனோ காலையிலிருந்து அவள் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. மாரிசெல்வம் அவளைப் பார்த்தான். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது, ஆனால் அவள் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் விழுங்கினான்.

"ஒண்ணும் இல்ல தாயி. நம்ம... நம்ம பக்கத்து வீட்டுல ஒருத்தரு..." சண்முகையா அந்தக் கதையைச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதான சொன்ன, விதையில உள்ள சத்து அந்தச் செல்லு வளர்றதை மட்டுப்படுத்துதுன்னு. அதான், அவரு அதையே குடிச்சுப் பாக்கட்டுமா?"

"ஐயோ, அப்பா! கூடவே கூடாது!" வேல்விழி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "அவரை உடனே ஆபரேசனுக்குப் போகச் சொல்லுங்க!"

"ஏன் தாயி? உன் மருந்தும்மா அது!"

"மருந்தே கிடையாதுப்பா அது." அவள் ஒரு கண்ணாடித் தட்டைக் கையில் எடுத்துக் காட்டினாள். "இந்தாங்க, பாருங்க. குடல் கேன்சர் செல்லை விலைக்கு வாங்கி இந்தத் தட்டுல வளக்கோம். அதுல விதைச் சத்தைச் சுத்தம் பண்ணி நேரா ஊத்துதோம். வளர்றது மெதுவாகுது. சாகலை, மெதுவாகுது. அவ்வளவுதான். வாயில போட்டா அது குடலுக்கு அப்படியே போய்ச் சேருமா, எவ்வளவு வேணும், என்ன கெடுதல் செய்யும், ஒண்ணும் தெரியாது. நான் இன்னும் ஒரு எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கலை."

"நீ எவ்வளவு சந்தோசமாச் சொன்ன..."

"சந்தோசம்தான்ப்பா. நல்ல ஆரம்பம்ல? ஆனா தட்டு வேற, மனுசன் வேற. அந்த மனுசனுக்கு இன்னைக்கு வழி இருக்கு, கத்தியில இருக்கு. என்னைய நம்பி அதை விட்டுராதீங்கன்னு சொல்லுங்க."

தன் மகள் தன் வேலையையே பெரிசில்லை என்று சொல்லக் கேட்கச் சண்முகையாவுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துச் செவலை மறுபடி கத்தியது.

திரையில் வேல்விழி காதைக் கூர்மையாக்கினாள்.

"அப்பா, அது நம்ம செவலைதானே? நீங்க எங்க இருக்கீங்க? அந்த இடம் நம்ம வீடு கிடையாதே." அவள் திரைக்கு அருகில் வந்தாள். "கழுத்து எலும்பெல்லாம் தெரியுது. வேட்டி ஏன் இப்படித் தளர்ந்து கெடக்கு? கொஞ்ச நாளாத்தான் என் ஆராய்ச்சியைப் பத்தித் தினமும் கேக்கிய. ஸ்பிரிட்டா, எவ்வளவு சூடு, எத்தனை நாளுன்னு..." குரல் உடைந்தது. "பக்கத்து வீடு எல்லாம் கிடையாது. உங்களுக்கா?"

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து அவள் கண்டுபிடித்ததை எல்லாம் இந்தப் பெண் ஒரு கோழிச் சத்தத்தில் தாண்டிப் போய்விட்டாள். பீவி கதவோரம் நின்று உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

"ஆமா தாயி" என்றார் சண்முகையா.

வேல்விழி அழுதாள். வெள்ளைக் கோட்டின் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "நான் என்னமோ நீங்க என் மேல அக்கறையாக் கேக்கியன்னு நினைச்சேம்பா."

"அக்கறையாத்தான் கேட்டேன். நிசமா. நீ சொன்னது ஒண்ணுவிடாம எனக்கு ஞாபகம் இருக்கு. எம்மக கண்டுபிடிச்சது இருக்கும்போது இன்னொருத்தன் கத்தியை நான் எதுக்கு நம்பணும்னு..."

"இது முடிய இன்னும் பல வருசம் ஆகும்பா. எலி, அப்புறம் மனுசங்க, அப்புறம் எத்தனையோ. முடியாமலும் போகலாம்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அதுவரைக்கும் நான் தினமும் யார்கிட்டப் போயி இதையெல்லாம் சொல்ல? இங்க உள்ளவங்களுக்கே பாதி புரியலை. உங்களுக்குத்தான் புரிஞ்சுது. போங்கப்பா. நான் நேரா திருநவேலிக்கு பஸ் ஏறுதேன். அங்க வந்து உங்களைக் கட்டில்ல பாக்கணும்."

சண்முகையா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"தம்பி, வண்டியை எடு."

*

சங்கரன்கோவிலில் ஆறுமுகத்தாய் பையோடு ரோட்டிலேயே நின்றிருந்தாள். வேனில் ஏறி, புருசன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டவள் விடவே இல்லை. திருநெல்வேலி ரோட்டில் குடங்கள் முழங்கின. மாரிசெல்வம் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் சண்முகையா முன்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, வெட்டி எடுக்காங்கல்லா, அந்தக் கட்டியை என்ன செய்வாங்க?"

"பரிசோதனைக்கு அனுப்புவாங்க, அண்ணாச்சி. ஏன்?"

"இல்ல, அதுல கொஞ்சம் எம்மககிட்டக் குடுப்பாங்களான்னு டாக்டர்கிட்டக் கேக்கணும். ஊரு பேரு தெரியாத எவன் குடல்ல இருந்தோ எடுத்ததை அவ வாங்கித் தட்டுல வச்சுக்கிட்டு இருக்கா. அப்பன்கிட்டயே இருக்கும்போது அவ எதுக்கு வெளியில போயி வாங்கணும்?"

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அவ படிப்புக்குன்னு நான் இதுவரைக்கும் ஒரு புஸ்தகம்கூட வாங்கிக் குடுத்தது கிடையாது" என்றார் சண்முகையா. "இதையாவது குடுக்கேன்."